மூன்று வருடமாகத் தெரியும்

1998 ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி மூன்றாம் நாளாகக் கொடியில். வீடு முழுக்க ஈர நாற்றம்.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. குடைக் கம்பி. ஆபீசில் 48 பக்கம் ப்ரூஃப்.

அப்பா பத்து மணிக்கு பேங்குக்குப் போனார். போகாமலிருந்தால்தான் எழுத வேண்டிய செய்தி. ரிட்டயர் ஆகி ஆறு வருடம். டிரஷரி சூப்பரின்டென்டன்ட் பதவி போய்விட்டது, அந்த முகம் மட்டும் போகவில்லை. தெருமுனைக் கிளையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது. பத்திலிருந்து பன்னிரண்டரை வரை. ஊரார் சலானைத் தப்பாக நிரப்புவதைப் பார்த்து வருத்தப்படுவது முதல் வேலை. இரண்டாவது வேலை இன்ட்ரொடக்ஷன் போடுவது.

இருபது வருடம் கழித்துப் படித்தால் எனக்கே மறந்திருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன். பேங்கில் கணக்கு ஆரம்பிக்க வேண்டுமானால், ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் ஃபாரத்தில் "இவரை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஆள் இல்லாதவர்களுக்கு அப்பா. எல்லாருக்கும் "மூன்று வருடம்". ஒன்று என்றால் அதிகாரி யோசிப்பாராம், ஐந்து என்றால் சொந்தக்காரன் மாதிரி இருக்குமாம். இதுவரை அறுபத்தொரு பேர். நம்பர் போட்டு நோட்டில் வைத்திருக்கிறார். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள்.

ஃபாரத்தைப் படிப்பதில்லை. கோடு எங்கே என்று மட்டும் பார்ப்பார். "முப்பத்து நாலு வருஷம், என் கையெழுத்தைப் பாத்து ஒரு பில் திரும்பினதில்லே."

சாயங்காலம் பேங்க் பியூன் வீட்டுக்கு வந்தான். "மேனேஜர் சார் நாளெ பெளிகெ பர்பேகந்தெ." நாளைக் காலை வரச் சொன்னாராம். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஏதாவது யோசனை கேக்கறதுக்கா இருக்கும்." வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போயிற்று.

ஜூலை 7, செவ்வாய்

யோசனை கேட்கவில்லை.

நான் ஆபீசிலிருந்து வரும்போது அப்பா உள் அறையில் படுத்திருந்தார், பகல் முழுக்க அப்படித்தானாம். அம்மா சொன்னதோடு அப்பா சொன்னதைச் சேர்த்து, அதில் அப்பா தன்னைப் பற்றிச் சொன்ன நல்லதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது:

மே மாதம் தேவராஜ் என்று ஒருவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் நாற்காலிக்கு வந்தான். நம் தமிழ் ஆள், பேன்ட் சட்டை, வாய் நிறைய "அய்யா". அந்தப் பெண் கே. சரோஜா, கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்றான். அப்பா போட்டார், மூன்று வருடமாகத் தெரியும் என்று. ஒரு வாரத்தில் அந்தக் கணக்கில் கே. சரோஜா பெயருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி செக் ஒன்று விழுந்தது. ரூ. 1,12,000. லாரி மோதிச் செத்த புருஷனுக்கான பணம். மூன்று தடவையாக எடுத்துவிட்டார்கள். மிச்சம் நூற்றிரண்டு ரூபாய்.

உண்மையான கே. சரோஜா நீலசந்திராவில் இருக்கிறாள். செக் எப்போது வரும் என்று போன வாரம் இன்சூரன்ஸ் ஆபீசில் போய் நின்றிருக்கிறாள். "உன் கணக்குல போட்டாச்சேம்மா" என்றிருக்கிறார்கள். அவளுக்குக் கணக்கே கிடையாது.

மேனேஜர் பிரபாகர் ஃபாரத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாராம். மேல் மூலையில், மே மாதம் வந்த அந்தப் பெண்ணின் போட்டோ. அப்பா பார்த்துவிட்டு, "யாரு சார் இந்தம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாராம்.

சாப்பிடும்போது அம்மா விடவில்லை. அப்பா சீறினார்.

"ஏதோ கண்ணை மூடிக்கிட்டுப் போட்ட மாதிரி பேசாதே. பத்து நிமிஷம் பேசிட்டுத்தான் போட்டேன். அவன் அப்பா கோலார் டிரஷரியில இருந்தாராம்."

"அந்தப் பொம்பளைகிட்டே என்ன பேசினீங்க?"

"பொம்பளைங்ககிட்டே நான் என்னத்தைப் பேசறது."

"அப்ப மூணு வருஷமா பேசாமலே தெரியும்."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். ரசத்தைத் தொடவில்லை. அம்மா அந்த ரசத்தை எனக்கு ஊற்றினாள்.

ஜூலை 8, புதன்

மாத்திரை வாங்கினேன். கேஸ் புக் பண்ணவில்லை.

அப்பா இன்று பேங்குக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து பேப்பர். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், பேங்க் லீவா?" கிண்டலா, தெரியாமல் கேட்டாரா? ஆறு வருடத்தில் அப்பா போகாத முதல் வேலைநாள்.

"லேசா ஜலதோஷம்." பொய்யை எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறார்.

ஜூலை 9, வியாழன்

மழை இல்லை, காற்று. பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஆபீசில் பக்கத்து மேசை கீதா தேக்கு மரம் வாங்கியிருக்கிறாள். மரத்தை அவள் பார்த்ததில்லை. ஷிமோகா பக்கம் எங்கோ அவள் பெயரில் இரண்டு கன்று இருக்கிறதாம், இருபது வருடத்தில் லட்சக்கணக்கில் ஆகுமாம். பத்திரத்தை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினாள். பச்சை பார்டர், மூலையில் யானை.

"கன்னு செத்துப் போனா?"

"வேற கன்னு தருவாங்க. எழுதியிருக்கு பாரு."

"கம்பெனி செத்துப் போனா?"

"சே, உன் வாயில நல்லதே வராதா."

ஒன்பதாயிரம் கட்டியிருக்கிறாள். அவள் சம்பளம் எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் சில்லறை குறைந்தால் கண்டக்டரோடு டிப்போ வரை சண்டை போடுகிறவள். யானைப் படம் போட்ட காகிதத்துக்கு ஒன்பதாயிரம், கேள்வியில்லாமல்.

கண்ணால் பார்க்கிற காசுக்குத்தான் இவர்களுக்கெல்லாம் புத்தி வேலை செய்கிறது. காகிதத்தில் வந்தால் கும்பிடுகிறார்கள்.

என் வேலையும் காகிதம்தான். மாதாமாதம் வரும் தீர்ப்புத் தொகுப்புக்குப் பிழை திருத்துவது. நாலு வருடமாக அரைப்புள்ளி பார்த்துப் பார்த்து, வேண்டாமலே சட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று மதியம் பழைய வால்யூம்களை எடுத்துப் பார்த்தேன். இந்த மாதிரி வழக்கு ஏழு கிடைத்தது. எல்லாம் ஒரே பாதை. ஒருத்தர் செக்கை வேறொருத்தர் கணக்கில் பேங்க் போட்டுவிட்டால், உரியவருக்கு பேங்க்தான் பணம் கொடுக்க வேண்டும். நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். ஜாக்கிரதைக்கு முதல் சாட்சி இன்ட்ரொடக்ஷன் போட்டவர்.

ஆக, எல்லாம் அப்பாவின் வாயில்.

"எனக்கு அவர்களைத் தெரியும், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள்" என்றால் பேங்க் கை கழுவிவிடும். சரோஜா தேவராஜைத் தேடிப்பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டியது.

"தெரியாது. நீட்டினார்கள், போட்டேன், இங்கே வழக்கம் அதுதான்" என்றால் பேங்க் பணம் கட்ட வேண்டிவரும்.

அப்பாவுக்கு இரண்டிலும் பைசா நஷ்டமில்லை. முகம்தான் நஷ்டம்.

அந்த முகத்தின் மார்க்கெட் விலை என்ன என்று யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

ஜூலை 10, வெள்ளி

அப்பாவின் மேசை டிராயரில் ஸ்டேப்ளர் தேடினேன். கையெழுத்துப் போட்ட வெற்று செக் ஆறு. தொகை இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. கிளிப் போட்டு அழகாக.

"அவசரத்துக்கும்மா. நான் ஆஸ்பத்திரியில கிடந்தா உங்களுக்கு வேணுமே."

"திருடன் அவசரத்துல வந்தா?"

"நம்ம வீட்டுக்கு எவன் வரான்."

ஆறையும் அவர் எதிரிலேயே கிழித்தேன். மற்ற நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் பிரசங்கம் நடந்திருக்கும்.

பென்ஷன் பாஸ்புக்கில் பிப்ரவரிக்குப் பிறகு என்ட்ரியே இல்லை. தினம் இரண்டரை மணி நேரம் பேங்கில் உட்கார்ந்த மனிதர்! ஊரார் சலானில் எழுத்துப் பிழை பார்க்கிறார், சொந்த பாஸ்புக் ஐந்து மாதமாக வெறுமை.

ஜூலை 11, சனி

சரோஜா வந்தாள்.

பதினொரு மணி. நான் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு. அம்மா கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள். ஊதுவத்தி வாசனை, கைவிரல் எல்லாம் கறுப்பு. வத்தி உருட்டுகிற வேலை என்று பிறகு தெரிந்தது. செருப்பை வெளியே விட்டு, உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள்.

"சார் இருக்காரா. நான் சரோஜா."

எந்த சரோஜா என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னை மூணு வருஷமா தெரியும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே சார். அதான், ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அப்பாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அம்மா உட்காரச் சொன்னாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அம்மா காபிக்கு உள்ளே போய் டம்ளர் எடுக்க அவ்வளவு நேரமானதன் காரணம் எனக்குத் தெரியும். கடைசியில் நல்ல டம்ளரில்தான் வந்தது. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால்.

அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். "இதோ பாரும்மா, என்னையும்தான் ஏமாத்திட்டான். நானும் உன்னை மாதிரி..."

"என்னை மாதிரி இல்லே சார். ஏப்ரல்ல நான் உங்ககிட்டே வந்தேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்சூரன்ஸ்ல சொன்னாங்க, செக்கு கிராஸ் பண்ணி வரும், கணக்கு வேணும்னு. உங்க பேங்குக்கு வந்தேன். தெரிஞ்சவங்க கையெழுத்து வேணும்னாங்க. எனக்கு யாரைத் தெரியும்? கவுன்டர்ல இருக்கற அம்மாதான் கை காட்டுச்சு, அந்தப் பெரியவரு தமிழ்க்காரரு, போடுவாரு, கேளுன்னு. கேட்டேன். நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. தெரியாதவங்களுக்குப் போடறதில்லேன்னுட்டீங்க."

"எப்போ?"

"அதான் சொல்றேனே, ஏப்ரல்ல. இந்தப் புடவைதான் கட்டியிருந்தேன்."

அவளே தொடர்ந்தாள். தேவராஜ் அவள் காம்பவுண்டிலேயே குடியிருந்தவன். புருஷன் செத்ததிலிருந்து இன்சூரன்ஸ் காகிதம் எல்லாம் அவன்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான், ஆபீசுக்குக் கூடவே வந்திருக்கிறான். பேங்கில் நடந்ததை அவனிடம் சொல்லியிருக்கிறாள். ஜன்னல்கிட்டே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் போட்டால் உடனே ஆகுமாம், எனக்குப் போடவில்லை என்று. "நான் பேசிக்கறேன், விடுக்கா" என்றானாம். செக் வந்த ரிஜிஸ்டர் தபாலையும் அவனே சரோஜா என்று யாரையோ கையெழுத்துப் போடவைத்து வாங்கிவிட்டான். ஜூன் முதல் வாரம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான்.

"அவனுக்கு உங்களைக் காட்டிக் குடுத்ததே நான்தான் சார்." இதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்தாள்.

எண்பதாயிரத்துக்கு ஈஜிபுராவில் ஒரு வீடு போக்கியத்துக்குப் பார்த்து வைத்திருந்தாளாம். மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், முடிந்ததும் பணம் திரும்ப வரும், அதை வைத்து மகளை நர்ஸிங் சேர்க்கலாம். திட்டம் அப்படி. கீதாவின் யானையை நினைத்துக்கொண்டேன். காகிதம் எதையும் கும்பிடாமல் சரியாகக் கணக்குப் போட்டவள் இவள் ஒருத்தி.

அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவ எங்கே வைக்கட்டும் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அப்பா:

"எனக்கு நினைவே இல்லே."

பத்து நிமிடம் கழித்து:

"தினம் நாலு பேர் கேப்பாங்க. எல்லாருக்கும் போட முடியுமா?"

சாப்பிடும்போது:

"தனியா ஒரு பொம்பளை வந்து நின்னா என்னன்னு நம்பறது?"

மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. டிரஷரியில் முப்பத்து நாலு வருடம்.

ஜூலை 12, ஞாயிறு

மேனேஜர் பிரபாகர் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் ஒரு கிலோ. யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி.

அவர் பேசும் தமிழ் சிரிப்பு வரவழைக்கும், மற்ற நாளில்.

"ஏனூ யோச்னெ மாட்பேடி சார். கவலையே வேண்டாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகல்லா. புதன்கிழமெ ஸோனல் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றாங்கோ. நீங்க ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்துட்டா முடிஞ்சுது. இந்த பார்ட்டியெ எனக்கு நல்லா தெரியும், என் நம்பிக்கெயெ மோசம் பண்ணிட்டாங்கோ. அஷ்டே, அவ்வளவுதான்."

"அந்த போட்டோவைப் பாத்து யாருன்னு நான் கேட்டேனே," என்றார் அப்பா.

"என் காதுல விழவே இல்லெ சார்." சிரித்தார்.

"அப்போ சரோஜாவுக்கு?" என்றேன் நான். அதுவரை நான் அந்த அறையில் இருப்பதையே அவர் கவனிக்கவில்லை.

"அதுக்கு போலீஸ் இருக்கு இல்லா, மேடம். அந்த ஆளெ பிடிப்பாங்கோ." பிறகு அப்பா பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக: "சார் கையெழுத்து இருந்தா நாங்க ஃபாரமே படிக்கறதில்லெ. அவ்வளவு நம்பிக்கெ."

அப்பா இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். முகத்தில் தெரிந்தது. ஐந்து நாளாகப் போயிருந்த வெளிச்சம் திரும்ப வந்தது. கையெழுத்துப் போடுகிறவரும் படிக்கவில்லை, வாங்குகிறவரும் படிக்கவில்லை, இதற்குப் பெயர் நம்பிக்கை. கிளை முழுக்க இப்படித்தான் ஓடுகிறது போல. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரன் வேறு.

ஸ்டேட்மென்டை மேனேஜரே டைப் செய்து கொண்டுவந்திருந்தார், கையெழுத்துக்குக் கோடு போட்டு. அப்பா வாங்கவில்லை. எனக்கு ஒரு கணம் ஆச்சரியம். ஆனால் காரணம், "என் லெட்டரை நான்தான் டிராஃப்ட் பண்ணுவேன். இங்கிலீஷ் சரியா இருக்கணும்."

அவர் போனதும் என்னை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். மேற்படி நபரை நன்கு அறிந்திருந்தேன், களங்கமற்ற சேவை, துரோகம், ஆழ்ந்த வேதனை. "வேதனை" வரும் இடத்தில் இரண்டு தடவை வார்த்தை மாற்றினார். சரோஜா பற்றி ஒரு வரி இல்லை.

"ஆபீஸ்ல டைப் பண்ணிக் கொண்டு வந்துடு. நல்ல பேப்பர்ல."

ஆப்பிள் மாவாக இருந்தது.

ஜூலை 13, திங்கள்

கேஸ் புக் பண்ணினேன். ஒன்பது நாள் ஆகுமாம்.

என் சேவிங்ஸ் கணக்கு அதே கிளை. ரூ. 11,340. இன்ட்ரொடக்ஷன் போட்டவர் அப்பா. எனக்கு மட்டும் "பிறந்ததிலிருந்து" என்று எழுதினார். அதுவும் எவ்வளவு உண்மையோ.

அம்மா துணி மடித்துக்கொண்டே: "நீ படிச்சவ. அவர் சொல்றபடி எழுதிக் குடுத்தா தப்பா?"

"தப்பு."

"எழுதாட்டா அவர் அந்தத் தெருவுல நடக்க முடியாது."

"நடக்க வேண்டாம். பஸ்ல போகட்டும்."

அம்மா சிரிக்கவில்லை. "உனக்கு அவர் பேர்ல ஏன் இவ்வளவு வெறுப்பு?" என்று கேட்டாள். வெறுப்பு இல்லை என்றேன். பிறகு, அவள் உள்ளே போனபின், வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு கடிதம் டைப் செய்தேன்.

ஒன்று அவர் சொன்னது. காற்புள்ளி உட்பட.

இன்னொன்று நான் எழுதியது. அரைப் பக்கம். அந்தப் பெண்ணையோ கூட வந்த ஆளையோ அதற்கு முன் பார்த்ததில்லை. ஏறக்குறைய பத்து நிமிடம் பேசினேன். ஃபாரத்தில் மூன்று வருடம் என்று எழுதியது உண்மையல்ல. முன்பின் தெரியாதவர்களுக்கு நான் இப்படிக் கையெழுத்துப் போடுவது கிளைக்குத் தெரியும். போட்டோவில் இருப்பவரை இன்றும் எனக்கு அடையாளம் தெரியாது.

அவ்வளவுதான். ஏப்ரலில் சரோஜா வந்து கேட்டதையும் அவர் மறுத்ததையும் சேர்க்கவில்லை. டைப் செய்யப் போனேன், கை போகவில்லை. வழக்குக்கு அவசியமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

திட்டம் எளிது. நாளைக் காலை பென்ஷன் சம்பந்தமாக அவர் இரண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் என் கடிதத்தை வைத்து நீட்டினால் போதும். கோடு எங்கே என்று மட்டும் பார்ப்பார், போடுவார். அவர் சொன்ன கடிதம் என் பையிலேயே இருக்கும்; கேட்டால், அடுக்கில் அதுவும் இருந்தது, போட்டுவிட்டீர்கள் என்பேன். நானே பேங்கில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்விடுவேன். ஸோனல் ஆபீசர் கையில் போன பிறகு அவர் என்ன கத்தினாலும் கத்தட்டும்.

பஸ்ஸில் வரும்போது இது தேவராஜ் செய்ததேதான் என்று பட்டது. ஒரு கிழவரின் பலவீனம் எது என்று தெரிந்துகொண்டு, காகிதத்தை நீட்டுவது. காரணம் நல்லது என்று சொல்லலாம். அவனும் தனக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரு வாரமாக ஊர் முழுக்க எல்லாரையும் கேவலமாக எழுதிவிட்டேன். பக்கத்தில் இடம் இருக்கிறது, என்னையும் எழுதலாம்.

ஆனாலும் வைக்கத்தான் போகிறேன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், அவர் முகத்தை விட அதிகம்.

ஜூலை 15, புதன்

எட்டு மணி. மூன்று காகிதத்தையும் ஒன்றாக அடுக்கி, பேனாவைத் திறந்து கொடுத்தேன். பென்ஷன் காகிதம் மேலே.

முதலாவதில் போட்டார். இரண்டாவது என் கடிதம். பேனா கோட்டுக்குப் போயிற்று. நின்றது.

"என் கண்ணாடியை எடு."

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

படித்தார். அவர் ஒரு காகிதத்தை மேலிருந்து கீழே வரை படித்து நான் பார்த்ததில்லை. உதடு லேசாக அசைகிறது. அம்மா அடுக்களையில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

"இது நான் சொன்னது இல்லையே."

"இல்லை."

"படிக்காம போட்டுடுவேன்னு நினைச்சே."

"ஆமாம்."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "பத்து நிமிடம்" என்ற இடத்தில் நிறுத்தி, ஒரே கோட்டில் அடித்து, மேலே "நான்கு" என்று எழுதினார். ஓரத்தில் இனிஷியல் போட்டார். ஆபீசில் ஒரு தொகையைத் திருத்துகிற மாதிரி.

கையெழுத்துக் கோட்டுக்கு மேலே நாலு விரல் இடம் இருந்தது. அங்கே எழுத ஆரம்பித்தார். நிதானமாக, அந்த நல்ல கையெழுத்தில். நான் தலைகீழாகப் படித்தேன். இந்தப் பெயருக்கு உரிய திருமதி கே. சரோஜா ஏப்ரல் மாதம் இதே கிளையில் என்னிடம் அறிமுகக் கையெழுத்துக் கேட்டார். நான் மறுத்தேன். காரணம்,

பேனாவை எடுத்துவிட்டார். வெளியே பால்காரன் வந்து மணி அடித்துப் போனான், யாரும் போகவில்லை. பிறகு எழுதினார்:

அவர் தனியாக வந்திருந்தார்.

கையெழுத்து. தேதி. மூன்றாவது காகிதத்திலும் போட்டார், அதையும் படித்துவிட்டு.

"நானே கொண்டு போறேன். ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துடு. ஒண்ணு அந்தம்மாகிட்டே குடுக்கணும், கேஸ் கீஸ் போட்டா வேணும். வீடு எங்கே?"

நீலசந்திரா என்றேன்.

"நீலசந்திராவில எங்கே?"

தெரியாது. ஒரு மணி நேரம் நம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவே இல்லை.